ஆகஸ்டில் நேரோஸ் போகலாமா?

கேள்வி இது: "எனக்கு 58, மனைவிக்கு 53. ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்து மாநிலமான யூட்டாவில், சயான் தேசியப் பூங்காவில், ஆற்றுக்குள்ளேயே நடந்து போகிற 'நேரோஸ்' என்ற குறுகலான பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். பெசன்ட் நகர் பீச்சில் தினமும் ஒரு மணி நேரம் நடப்போம். மலையேறிப் பழக்கமில்லை, நீச்சல் தெரியாது, மனைவிக்கு லேசான மூட்டுவலி. போகலாமா? என்ன தயாரிப்பு வேண்டும்?"

போகலாம் சார். ஆனால் ஆகஸ்டில் வேண்டாம். மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் எப்படியும் இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டுத்தான் வருவீர்கள். நேரோஸை மட்டும் செப்டம்பர் கடைசி வாரத்துக்கோ அக்டோபர் முதல் வாரத்துக்கோ தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஆகஸ்டில் போய், ஆற்றில் காலே வைக்காமல் திரும்பினேன். இரண்டாவது முறை அக்டோபரில் போய் ஆசைதீர நடந்தேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வர்ஜின் ஆற்றின் வடகிளை மார்ககன்ட் என்ற உயரமான பீடபூமியில் பிறந்து, மணற்பாறையை அறுத்துக்கொண்டு கீழே வருகிறது. அப்படி அறுத்த பிளவுதான் நேரோஸ். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஆயிரம் அடிக்குச் செங்குத்துச் சுவர். சில இடங்களில் ஆற்றின் அகலமே 20, 30 அடிதான். கரை என்று ஒன்று பல இடங்களில் கிடையாது, அதனால் பாதையே தண்ணீர்தான். இந்தப் பாறை 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பாலைவன மணல்மேடாக இருந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் பல நூறு மீட்டர் உயரத்துக்குக் குவித்து, அழுத்தி, கல்லாக்கினால் எப்படியோ அப்படி. சுவரில் சாய்வு சாய்வாகக் கோடுகள் தெரியும். அவை காற்று அள்ளிப்போட்ட மணல்மேட்டின் சரிவுகள். அந்த மணற்பாறைக்கு அடியில் கயென்டா என்கிற மென்மையான அடுக்கு ஒன்று இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் ஆறு அதைத் தொட்டுவிட்டதால், அடி கரைந்து மேலே இருக்கிற பாறை சரிந்து, பள்ளத்தாக்கு அகலமாகிவிட்டது. நேரோஸில் ஆறு இன்னும் அந்த அடுக்கை எட்டவில்லை. அதனால்தான் அங்கே இவ்வளவு குறுகல்.

நடக்க இரண்டு வழி உண்டு. மேலே சேம்பர்லெய்ன்ஸ் ரான்ச் என்ற இடத்தில் தொடங்கிக் கீழே வருவது 16 மைல், அனுமதிச்சீட்டு வேண்டும். அது உங்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை. மற்றது கீழிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போய், வேண்டிய இடத்தில் திரும்பிவருவது. இதற்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. பூங்காவின் ஷட்டில் பஸ்ஸில் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கி, ரிவர்சைடு வாக் என்ற நல்ல பாதையில் ஒரு மைல் நடந்தால் பாதை முடிந்து ஆறு தொடங்கும். அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பது உங்கள் விருப்பம். பிக் ஸ்பிரிங் என்ற ஊற்றுக்கு அப்பால் போகக் கூடாது. அதுவரை போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 9.4 மைல், ஒரு முழு நாள் ஆகும்.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன். மலையேறிப் பழக்கமில்லை என்கிறீர்கள். இங்கே ஏற்றமே கிடையாது. மூச்சு வாங்காது, கால்தான் தடுமாறும். அடியில் கிடப்பதெல்லாம் உருண்டைக் கற்கள். பாசி பிடித்த தேங்காய்கள் மேல் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இழுக்கிற தண்ணீரில். ஆனால் 2015-லோ 2023 மிக்ஜாம் புயலிலோ வேளச்சேரியில், மடிப்பாக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களுக்கு இந்த நடை பாதி தெரியும். எங்கே பள்ளம், எங்கே மூடி திறந்த சாக்கடை என்று கண்ணுக்குத் தெரியாமல், காலாலேயே தடவித் தடவி, கையில் ஒரு கம்போடு போனோமே, அதே நடைதான். காலைத் தூக்கி வைக்காமல் நகர்த்தி வைக்க வேண்டும். கல்லின் உச்சியில் மிதிக்காமல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பாதத்தை இறக்க வேண்டும். நம்மவர்களுக்குத் தெரியாத மற்ற பாதி இரண்டு விஷயம்: திடீர் வெள்ளமும் குளிரும்.

வெள்ளத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆகஸ்ட் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுதான். அந்தப் பக்கத்துக்கும் ஒரு பருவமழை உண்டு. ஜூலை நடுவில் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதி வரை, பெரும்பாலும் மதியத்துக்கு மேல், இடியோடு கொட்டும். நம்மூர் போல மூன்று நாள் விடாமல் பெய்கிற மழை இல்லை. அரைமணி நேரம் ஓரிடத்தில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விழுகிற இடமோ மண்ணே இல்லாத மொட்டைப் பாறை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போல வாங்கி வைத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. விழுந்த தண்ணீர் அப்படியே ஓடை ஓடையாக வழிந்து ஒரே பிளவுக்குள் இறங்குகிறது. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே தெரிவது ஒரு பட்டை வானம்தான். பல மைலுக்கு அப்பால் பெய்த மழை உங்களைத் தேடி வரும்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். மேலே மலையில் பெய்த மழை, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் சட்டென்று பாய்ந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். குற்றாலத்திலாவது ஓடி ஏறப் படிக்கட்டு இருக்கிறது. நேரோஸில் சில இடங்களில் இரண்டு பக்கமும் சுவர் மட்டும்தான். 2022 ஆகஸ்டில் இதே இடத்தில் வந்த திடீர் வெள்ளம் நடந்துகொண்டிருந்த சிலரை அடித்துப் போனது. ஒரு பெண் இறந்துபோனார். அதே பூங்காவில் கீஹோல் என்ற இன்னொரு குறுகிய பள்ளத்தாக்கில் 2015 செப்டம்பரில் ஒரே குழுவில் ஏழு பேர் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஏராளமான பேர் போய் நல்லபடியாகத் திரும்பும் இடம்தான். ஆனால் "அப்பா, ஒண்ணும் ஆகாது" என்று மகன் சொன்னால் பதில் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

ஆற்றின் அளவை அங்கேயும் வினாடிக்கு இத்தனை கன அடி என்றுதான் சொல்வார்கள். மேட்டூர் நீர்வரத்துச் செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அளவு புதிதில்லை. ஆனால் அந்தப் பழக்கமே இங்கே ஏமாற்றும். செம்பரம்பாக்கத்தில் 2015 டிசம்பரில் 29,000 கன அடி திறந்தார்கள். நேரோஸை 150 கன அடி தாண்டினாலே மூடிவிடுவார்கள். "வெறும் 150-ஆ?" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் ஆற்றின் குறுக்களவு 50 சதுர அடி. அதில் 150 கன அடி ஓட வேண்டுமானால் தண்ணீர் வினாடிக்கு 3 அடி வேகத்தில் போக வேண்டும். தொடை அருகே அந்த வேகத்தில் தண்ணீர் மோதினால், உருண்டைக் கல்லின் மேல் ஒற்றைக்காலில் நிற்க முடியாது. வேகம் இரட்டிப்பானால் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். இந்த ஆறு மைலுக்கு 50 முதல் 80 அடி வரை இறங்குவதால் வேகத்துக்குக் குறைவில்லை. சாதாரண இலையுதிர்கால நாளில் 40, 50, 60 கன அடி ஓடும். 70-க்குக் கீழே என்றால் உங்களைப் போன்றவர்களுக்கு வசதி. அதற்கு மேல் என்றால் நான் ரிவர்சைடு வாக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகிப் பல நூறு கன அடி வருவதால் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

பூங்காக்காரர்கள் தினமும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படியாக அறிவிப்பார்கள்: எதிர்பார்க்கவில்லை, சாத்தியம் உண்டு, வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கிறோம். முதல் படியில் மட்டும் இறங்குவது என் வழக்கம். வெள்ள எச்சரிக்கை கொடுத்துவிட்டால் மூடிவிடுவார்கள். எச்சரிக்கை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள்.

என் முதல் பயணத்தில் பலகையில் இருந்தது இரண்டாவது படி, "சாத்தியம் உண்டு". காலை வானம் பளிச்சென்று இருந்தது. கூட்டம் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் போகலாம் என்றார்கள். நானும் இன்னொருவரும் அரைமணி நேரம் வாக்குவாதம் செய்து திருப்பிக் கூட்டிவந்தோம். அன்றைக்கு வெள்ளம் வரவே இல்லை! மாலை வரை திட்டு வாங்கினேன், அடுத்த வருடம் வரை கிண்டலும் வாங்கினேன். இன்றைக்கு அதே பலகை இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

உள்ளே இருக்கும்போது சந்தேகம் வந்தால் என்ன செய்வது? காவிரிக்கரையில் ஆடி மாதம் புதுவெள்ளம் வருவதைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. பச்சையாகத் தெளிந்திருந்த தண்ணீர் சட்டென்று டீ நிறமாகும். குச்சியும் சருகும் மிதந்து வரும். மேலிருந்து காற்று வீசும். லாரி வருவது போல் ஓர் இரைச்சல் கேட்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், வந்த வழியில் ஓடவும் பார்க்காதீர்கள். பக்கத்தில் எது மேடோ அதில் ஏறிவிட வேண்டும். சில அடி உயரம் கூட உதவும். ஏறிய பிறகு அங்கேயே உட்கார வேண்டும், மணிக்கணக்கானாலும் சரி. இதற்காகவே நடக்கும்போது "இங்கே வந்தால் எங்கே ஏறுவேன்" என்று கண் தேடிக்கொண்டே போக வேண்டும். ஆர்டர்வில் என்ற கிளைப் பள்ளத்தாக்கு சேரும் இடத்துக்கு மேலே 'வால் ஸ்ட்ரீட்' என்று ஒரு பகுதி வரும். இடத்துக்கே உயிர் அதுதான், அவ்வளவு அழகு. ஏறி நிற்க மேடு மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

அடுத்தது குளிர். இதைச் சென்னைக்காரர்கள் யாரும் சொன்னால் நம்புவதில்லை. வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கும்போதும் அந்தத் தண்ணீர் 15 முதல் 20 டிகிரிக்குள்தான் இருக்கும். அக்டோபரில் இன்னும் இறங்கும். சுவர் உயரம் என்பதால் வெயில் தரையைத் தொடுவதே கொஞ்ச நேரம்தான். நம் கடல் தண்ணீர் மார்கழியில் கூட 25-க்குக் கீழே பெரிதாகப் போகாது. அதில் கால் நனைத்துப் பழகிய உடம்பு நம்முடையது. இரண்டாவது பயணத்தில் என் மச்சான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். "நடந்தால் சூடாயிடும் மாப்பிள்ளை" என்றார். ஒன்றரை மணி நேரத்தில் பல் தந்தியடித்தது. பை ஜிப்பைத் திறக்க விரல் வரவில்லை, பேச்சும் கொஞ்சம் குழறியது. பேச்சுக் குழறினால் அது சாதாரண நடுக்கம் இல்லை, உடம்பின் உள்சூடு இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே வெயில் விழும் மணல்திட்டில் உட்காரவைத்து, ஈரத்துணியைக் கழற்றி, என் ஜாக்கெட்டைக் கொடுத்து, கடலை மிட்டாயைத் திணித்து, திரும்பினோம்.

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று பழகியவர்கள் நாம். சென்னை வெயிலுக்கு அது சரி. பருத்தி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அது ஆவியாக ஆவியாகச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது இப்படித்தான். ஈரப் பருத்தியோடு அந்தப் பிளவுக்குள் காற்றில் நடந்தால் நீங்கள்தான் பானை. அதனால் பாலியஸ்டர் டிராக் பேன்ட், பாலியஸ்டர் டி-ஷர்ட், மேலே பிளீஸ் என்கிற, கம்பளி போன்ற செயற்கைத் துணியில் ஒரு மெல்லிய மேலாடை. வீட்டம்மாவுக்குச் சுடிதார்தான் வசதி என்றால் துப்பட்டா இல்லாமல், செயற்கை இழைத் துணியில் இருக்கட்டும். மாற்று உடை ஒரு செட், நீர் புகாத பையில்.

காலுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பூங்கா வாசலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊரில் வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. கணுக்காலை மூடுகிற, தண்ணீர் வடிந்துவிடுகிற, ஒட்டுப்பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ; உள்ளே நியோப்ரீன் என்கிற ரப்பர் போன்ற துணியில் சாக்ஸ்; கையில் ஐந்தடி மரக்கோல். மூன்றும் சேர்ந்து வாடகைக்குக் கிடைக்கும். நியோப்ரீன் தண்ணீரை உள்ளே விடாது என்று நினைக்காதீர்கள், விடும். தோலுக்கும் சாக்ஸுக்கும் நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் நின்று, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். அதனால் இறுக்கமாக இருக்க வேண்டும்; தொளதொள என்று இருந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் போகிறவர்கள் உடம்பு முழுவதும் மூடும் டிரை சூட் எடுப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். இங்கேயிருந்து பழைய வாக்கிங் ஷூவையோ, தோல் செருப்பையோ, கிராக்ஸையோ நம்பிப் போகாதீர்கள். கிராக்ஸ் கழன்று மிதந்து போவதை நானே பார்த்திருக்கிறேன், பின்னாலேயே சொந்தக்காரர் ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு போனதையும்.

ஆற்றைக் கடக்கும் விதம்: அகலமான இடமாகப் பாருங்கள். அகலம் என்றால் ஆழம் குறைவு, வேகம் குறைவு. வளைவில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மணல்திட்டு. ஆகவே திட்டிலிருந்து திட்டுக்குக் கடப்பதுதான் வழி. கோலை நீர் வரும் பக்கம் ஊன்றி, அதில் கொஞ்சம் சாய்ந்து, முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துப் பக்கவாட்டில் நகருங்கள். கோலும் இரண்டு காலும் மூன்று கால் முக்காலி மாதிரி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகர வேண்டும். ஆழம் இருந்தால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பை உங்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. விழுந்துவிட்டால் வேகமான நீரில் உடனே எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாதம் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, கால் நீரோட்டம் போகும் திசையில் இருக்கும்படி மிதந்து, ஆழம் குறைந்த இடத்தில் எழுந்துகொள்ளுங்கள். நீச்சல் தெரியாதது தடையில்லை, 70 கன அடிக்குக் கீழே வழி பெரும்பாலும் முழங்காலளவு, சில இடங்களில் இடுப்பளவு. இடுப்புக்கு மேலே போகிற இடம் வந்தால் சுற்றுவழி தேடுங்கள். கிடைக்கவில்லையா, திரும்பிவிடுங்கள்.

குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமக்க வேண்டும். காற்று அவ்வளவு வறண்டது, வேர்ப்பதே தெரியாது; நம்மூரில் சட்டை நனைந்தால்தான் வேர்வை என்று நினைப்போம், அங்கே தோலிலேயே காய்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது, வடிகட்டியும் கூடாது. 2020 முதல் அந்த ஆற்றில் நச்சு உண்டாக்கும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் இருப்பதாகப் பூங்கா எச்சரித்து வருகிறது. சாதாரண மலையேற்ற ஃபில்டர்கள் அந்த நச்சை நீக்காது. முகம் கழுவுவது, தலை முழுகுவது எல்லாம் ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம். உப்புள்ள தீனி ஏதாவது இருக்கட்டும். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம், பாறையில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் புளியோதரைக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். கழிப்பறை பஸ் நிறுத்தத்தில்தான் கடைசி. அதற்கு மேல் அவசரம் என்றால் அதற்கென்று விற்கிற பையில் கட்டி எடுத்துவந்துவிட வேண்டும்.

நேரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. லாஸ் வேகாஸை விட யூட்டா கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். காலை ஆறுக்குக் கிளம்பி, இரண்டரை மூன்று மணி நேரம் ஓட்டிப் போனால், அங்கே பத்து மணி ஆகியிருக்கும். வாடகைக் கடை, பஸ் வரிசை என்று பதினொன்றரை ஆகிவிடும். முதல் நாள் மாலையே ஸ்பிரிங்டேலில் தங்கிவிடுங்கள். தண்ணீரில் மணிக்கு ஒரு மைல்தான் நகர முடியும். வால் ஸ்ட்ரீட் தொடங்கும் வரை போக ரிவர்சைடு வாக்கையும் சேர்த்து இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். மணி இத்தனை ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன் எடுக்காது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டில் பல மைல் ரோட்டில் நடக்க வேண்டிவரும்.

வீட்டம்மாவின் மூட்டுவலிதான் எனக்குக் கொஞ்சம் யோசனை. ஏற்ற இறக்கம் இல்லாதது நல்லது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் பாதம் கோணுவதால் முழங்கால் பக்கவாட்டில் முறுக்கப்படும். எலும்பு டாக்டரிடம் "கூழாங்கல் ஆற்றில் மூன்று மணி நேரம்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் தயங்கினால் ரிவர்சைடு வாக் முடிந்து அரைமணி நேரம் மட்டும் உள்ளே போய்த் திரும்பட்டும். முதல் வளைவு தாண்டியதுமே சுவர்கள் நெருங்க ஆரம்பித்துவிடும், பார்க்க வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இங்கே செய்யக்கூடிய பயிற்சி: பீச்சில் ஈர மணலில் நடக்கிறீர்கள் என்றால் காய்ந்த மணலுக்கு மாறுங்கள், பாதம் புதைகிற இடத்தில் அரைமணி நேரம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். சுவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு மாதம் விடாமல் செய்தால் தடுமாற்றம் நன்றாகக் குறையும். குளிருக்கு, ஒரு பக்கெட் தண்ணீரில் ஐஸ் போட்டுப் பத்து நிமிடம் கால்களை விட்டு உட்கார்ந்து பாருங்கள், மச்சான் மாதிரி ஜீன்ஸ் எடுத்துவைக்கிற எண்ணம் அதிலேயே போய்விடும். சனி ஞாயிறுகளில் தடா அருகே உப்பலமடுகு ஓடைப் பாறைகளில் மெதுவாக ஏறி இறங்கினால் காலுக்குக் கல் பழகும். அங்கேயும் மழைக்காலத்தில் போகாதீர்கள், வழுக்குப் பாறைக் குட்டைகளில் இறங்காதீர்கள்.

பயணக் காப்பீட்டில் இப்படிப்பட்ட நடைக்கும் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். சில திட்டங்களில் சாகச விளையாட்டு என்று சொல்லிக் கழற்றிவிடுவார்கள். மகனிடம் நான் சொன்ன தேதியையும், 70 கன அடி என்ற எண்ணையும் இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள். அங்கே ஆற்றங்கரையில் நின்று பேசினால் உங்கள் பேச்சு எடுபடாது, எனக்கு எடுபட்டதே ஐந்தில் இரண்டு பேர் இருந்ததால்தான்.